எடுப்பதும் விடுவதும்: ஒரே விக்கிப் பக்கம் பல இடங்களில்

படிப்பவரே திருத்தவும் வளர்க்கவும் கூடிய பக்கங்களின் தொகுதி விக்கி எனப்படுகிறது. அத்தொகுதியின் ஒரு பக்கத்தில் உள்ள செய்தி வேறொரு பக்கத்திலும் தேவைப்படும்போது, அதை இரண்டாம் முறை எழுதாமலும் படியெடுத்து ஒட்டாமலும், மூலப் பக்கத்திலிருந்தே வரவழைத்துக் காட்டும் முறையை இவ்வுரை உட்சேர்ப்பு என்ற சொல்லால் குறிக்கிறது. முழுப் பக்கத்தையும் அவ்வாறு வரவழைப்பது எளிது, அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஆனால், பக்கத்தின் சில பகுதிகளை நிறுத்திவைத்து எஞ்சியவற்றை மட்டும் வரவழைக்க வேண்டும் என்று வரும்போது, எதை நிறுத்துவது, அந்த முடிவை யார் எடுப்பது, நிறுத்தியதைப் படிப்பவர் அறிவாரா என்னும் மூன்று கேள்விகள் எழுகின்றன. இவை பார்வைக்குக் கணினிக் குறியீடு பற்றிய சில்லறைக் கேள்விகளாகத் தோன்றினாலும், உண்மையில் ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் காலந்தோறும் எதிர்கொண்டுவந்த கேள்விகளே ஆகும்.

இவற்றை ஆராயத் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம் மிகப் பொருத்தமான களமாக அமைகிறது. திருப்பெரும்புதூர் என்னும் ஒரே பெயர் ஓர் ஊருக்கும், ஒரு வட்டத்துக்கும், ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கும், தனித்தொகுதியான ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும், பொதுத்தொகுதியான ஒரு மக்களவைத் தொகுதிக்கும் உரியதாக இருப்பதோடு, அவ்வைந்தின் எல்லைகளும் வெவ்வேறாக உள்ளன. 2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைக்குப் பின் அம்மக்களவைத் தொகுதியில் அடங்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஐந்தும் சென்னைப் பெருநகரின் பகுதிகள் அல்லது அதை ஒட்டிய புறநகர்கள் என்பதால், அம்பத்தூர்வாசி ஒருவர் திருப்பெரும்புதூரை வாழ்நாளில் ஒருமுறைகூட மிதிக்காமலேயே திருப்பெரும்புதூரின் வாக்காளராக இருந்துவிட முடியும். போதாக்குறைக்கு, ஸ்ரீபெரும்புதூர் என்றும் திருப்பெரும்புதூர் என்றும் பெயரை எழுதுவதில் இரு வழக்குகள் உண்டு. சாலைகளின் நிலையும் இதுவே: சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலைக்கு இன்று எண் 48, ஒரகடம் வழியாகச் செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் மாநில நெடுஞ்சாலைக்கும் எண் 48, சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்கு வரும் மாநில நெடுஞ்சாலைக்கு எண் 57. இத்தகைய வட்டாரத்தைப் பற்றி ஒரு விக்கியில் ஐந்தாறு பக்கங்கள் எழுதப்படுமானால், அவை ஒன்றுக்கொன்று பெரிதும் ஒத்தும் ஓரிரு பத்திகளில் மட்டும் வேறுபட்டும் இருப்பது இயல்பு. ஒத்த பகுதியை ஒவ்வொன்றிலும் தனித்தனியே எழுதுவது வீண் வேலை என்பது மட்டுமின்றி, பின்னர் பிழைக்கும் இடமளிப்பது ஆகும்.

அந்தப் பிழை எப்படி வருகிறது என்பதை நோக்கியா ஆலையைக் கொண்டு விளக்கலாம். திருப்பெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய அக்கைப்பேசி ஆலை, அடுத்த சில ஆண்டுகளில் இவ்வட்டாரத்தைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் முதல் வரியில் இடம்பெறும் அளவுக்குப் பெயர் பெற்றது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்தபோது, வரி வழக்கின் காரணமாக இந்த ஆலை மட்டும் அக்கொள்முதலில் சேர்க்கப்படாமல் விடப்பட்டது. ஒரு பெரிய தொகுப்பிலிருந்து ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடுதல் என்னும் இவ்வுரையின் பொருளுக்குத் தொழில் உலகம் தந்த கசப்பான எடுத்துக்காட்டு என்று அதைச் சொன்னால் தவறில்லை. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. இப்போது, 2010 வாக்கில் எழுதப்பட்ட ஒரு பத்தி ஊர்ப் பக்கத்திலிருந்து வட்டப் பக்கத்துக்கும், அங்கிருந்து தொழில் வளர்ச்சி பற்றிய பக்கத்துக்கும், பின்னர் மாவட்டப் பக்கத்துக்கும் படியெடுத்து ஒட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 2014-க்குப் பின் யாரேனும் ஒருவர் ஊர்ப் பக்கத்தைத் திருத்தியிருப்பார், ஆனால் மற்ற மூன்று பக்கங்களிலும் ஆலை இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். படியெடுத்தவுடன் படி தன் மூலத்தை மறந்துவிடுகிறது, மூலமும் தன் படி எங்கிருக்கிறது என்பதை அறியாது. தேசிய நெடுஞ்சாலை 48 இன்றும் பல எழுத்துகளில் தன் பழைய எண்ணான 4-ஐச் சுமந்து வருவதற்கும் இதுவே காரணம். ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010-இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. அதில் நிசான் வைத்திருந்த 51 விழுக்காட்டுப் பங்கையும் ரெனோ ஏற்கும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டதால், அந்த வரியும் தான் ஒட்டப்பட்ட இடங்களிலெல்லாம் தேடித் திருத்தப்பட வேண்டிய வரியாகிவிட்டது.

படிக்கும் மூலத்துக்கும் உள்ள இந்த உறவை அறுபடாமல் காக்க வேண்டும் என்ற எண்ணம் விக்கிக்கு முந்தியது. மீயுரை, அதாவது ஓர் உரையிலிருந்து மற்றோர் உரைக்குத் தாவிச் செல்ல இடம்தரும் எழுத்து, என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1965-இல் வழங்கிய டெட் நெல்சன், 1980-களின் தொடக்கத்தில் உட்சேர்ப்புக்கான சொல்லையும் உருவாக்கினார்; ஓர் உரையின் ஒரு துண்டு உலகில் எங்கே காட்டப்பட்டாலும் அது தன் மூலத்தோடு கட்டுண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கனவு. வார்ட் கன்னிங்காம் 1995-இல் முதல் விக்கியை நிறுவினார். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் 2002 முதல் வளர்ந்து வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. நெல்சனின் கனவு உலகளவில் நிறைவேறவில்லை, ஆனால் ஒரே விக்கியின் எல்லைக்குள் அது பெருமளவு நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவில் வார்ப்புரு என்று வழங்கும் பக்கங்கள், இரட்டை நெளிவு அடைப்புக்குள் பெயரை எழுதியவுடன் வேறு பக்கங்களில் தோன்றுவது இம்முறையால்தான். பெயருக்கு முன் ஒரு முக்காற்புள்ளி இட்டால், வார்ப்புரு அல்லாத சாதாரணக் கட்டுரைப் பக்கத்தையும் அவ்வாறே வரவழைக்கலாம்.

விடுதலுக்கான கருவிகள் மூன்று. முதலாவது நோஇன்க்ளூட் என்னும் குறி. அதன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ளது மூலப் பக்கத்தில் தெரியும், உட்சேர்க்கும் பக்கத்தில் தெரியாது. இரண்டாவதான இன்க்ளூட்ஒன்லி அதற்கு நேர்மாறு: மூலத்தில் மறைந்திருந்து, உட்சேர்க்கும் இடத்தில் மட்டும் வெளிப்படும். மூன்றாவதான ஒன்லிஇன்க்ளூட், தனக்குள் இருப்பதை மட்டுமே வெளியே அனுப்பி, பக்கத்தின் மற்ற அனைத்தையும் தடுத்துவிடுகிறது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு, வீட்டில் ஓர் அறையைப் பூட்டுவதற்கும் வீட்டைப் பூட்டிவிட்டுத் திண்ணையை மட்டும் திறந்துவைப்பதற்கும் உள்ள வேறுபாடு. ஊர்ப் பக்கத்தில் அமைவிடம், வரலாறு, கோவில், தொழில், போக்குவரத்து என்று ஐந்து பகுதிகள் இருக்க, வட்டப் பக்கத்துக்கு இராமாநுசர் பிறப்பும் ஆதிகேசவப் பெருமாள் கோவிலும் பற்றிய பகுதிகள் மட்டும் வேண்டாம் என்றால், அவ்விரண்டையும் நோஇன்க்ளூட்டுக்குள் அடைப்பது போதும். தொழிற்பகுதி ஒன்றே போதுமென்றால், அதை ஒன்லிஇன்க்ளூட்டுக்குள் வைப்பதே சுருக்கமான வழி.

குறிகளை இடும்போது நேரும் பிழைகள் சிறியவை, ஆனால் விளைவுகள் சிறியவை அல்ல. தொழிற்பகுதியின் கடைசி வரி முற்றுப்புள்ளியோடு முடிந்து, அடுத்த வரியில் நோஇன்க்ளூட் தொடங்குமானால், இரண்டுக்கும் இடையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவும் உட்சேர்ப்போடு சேர்ந்து போய், சென்றடைந்த பக்கத்தின் பத்தி நடுவில் காரணமின்றி ஓர் இடைவெளியை உண்டாக்கும். ஆகவே கடைசி எழுத்தை ஒட்டியே குறியைத் தொடங்குவது வழக்கம். பகுப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. ஒவ்வொரு பக்கமும் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் அடியில் எழுதப்படும் பகுப்பு வரி சொல்லும். ஊர்ப் பக்கத்தின் அடியில் காஞ்சிபுரம் மாவட்ட ஊர்கள் என்ற பகுப்பு குறியில்லாமல் நிற்க, அப்பக்கத்தை ஒரு கார் நிறுவனத்தின் பக்கத்தில் உட்சேர்த்தால், அந்த நிறுவனமும் மறுகணமே காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராகிவிடும். வார்ப்புருக்களில் விளக்கவுரையையும் பகுப்பையும் நோஇன்க்ளூட்டுக்குள் வைக்க வேண்டும் என்று தொகுப்பாளர்கள் வலியுறுத்துவது இத்தகைய ஊர்கள் முளைக்காமல் தடுப்பதற்கே. உட்சேர்ப்பு ஒரு பக்கம் தன்னையே அழைத்துக்கொள்ள இடந்தராது என்பதும், மூலத்தில் செய்த மாற்றம் எல்லா இடங்களுக்கும் உடனே போய்ச் சேராமல் வரிசையில் நின்று சற்றுத் தாமதித்துச் சேரலாம் என்பதும் உடன் அறியத்தக்கவை.

மேற்கண்ட மூன்று குறிகளும் மூலப் பக்கத்தில் இடப்படுபவை என்பது இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. எதை விடுவது என்று முடிவு செய்பவர் மூலப் பக்கத்தைத் தொகுப்பவர். பெற்றுக்கொள்ளும் பக்கத்துக்கு அதில் பேச்சுரிமை கிடையாது. வட்டப் பக்கத்துக்காகத் தொழிற்பகுதியை ஒருவர் ஒன்லிஇன்க்ளூட்டுக்குள் வைத்துவிட்டால், அதே ஊர்ப் பக்கத்திலிருந்து அமைவிடத்தைப் பெற்றுவந்த தொகுதிப் பக்கம் முன்னறிவிப்பின்றித் தன் அமைவிடத்தை இழந்து, அதற்குப் பதிலாக ஆலைகளின் பட்டியலைக் காட்டத் தொடங்கும். ஒரே மூலத்திலிருந்து இருவேறு பக்கங்கள் இருவேறு பகுதிகளை விட விரும்பும்போது இம்மூன்று குறிகளும் போதாமல் போகின்றன.

இக்குறையை நீக்கவே பெயரிட்ட பகுதி உட்சேர்ப்பு என்னும் நீட்சி மென்பொருள் உருவானது; நூல்களை ஏற்றும் விக்கிமூலத் திட்டத்தின் தேவையே அதற்கு முதற்காரணம். இம்முறையில் மூலப் பக்கம் எதையும் தடுப்பதில்லை, ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கமும் முடிவும் குறித்து ஒரு பெயர் மட்டும் சூட்டிவைக்கிறது. எடுக்கும் பக்கம் எல்எஸ்டி என்னும் கட்டளையால் பெயர் சொல்லி ஒரு பகுதியைக் கேட்கலாம். எல்எஸ்டிஎக்ஸ் என்னும் கட்டளையாலோ, இந்தப் பெயருடைய பகுதி நீங்கலாக மற்ற அனைத்தையும் தருக என்று கேட்கலாம். பிந்திய கட்டளைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு: விட்ட பகுதியின் இடத்தில் ஒரு மாற்றுரையை வைக்க அது இடம் தருகிறது. விடும் உரிமை இவ்வாறு மூலத்திடமிருந்து பெறுபவருக்கு மாறுகிறது. வசதி கூடுகிறது என்பது உண்மை. ஆனால், தன் பக்கத்திலிருந்து யார் எதை விட்டு எதை எடுத்தார் என்று மூலத்தின் தொகுப்பாளர் தேடிச் சென்றாலொழிய அறிய முடியாத நிலையும் உடன் பிறக்கிறது.

விடும் உரிமை மூலத்திடம் இருப்பதற்கும் தொகுப்பவரிடம் இருப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. இராமாநுசர் பிறந்த ஊரைப் பற்றிப் பேசும்போது, அங்குள்ள கோவிலில் ஓதப்படும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் தனியன்களை நினைவுகூர்வது பொருந்தும். ஒவ்வொரு பிரபந்தத்துக்கும் முன்னே, அதைப் பாடிய ஆழ்வாரையோ அப்பாசுரங்களையோ போற்றிப் பிற்காலத்தார் இயற்றிய செய்யுள் தனியன் எனப்படும். அது நூலோடு சேர்த்து ஓதப்படும், அச்சிலும் நூலின் தலையில் நிற்கும், ஆனால் பாசுரங்களை எண்ணும்போது அது கணக்கில் வராது. திருப்பாவை முப்பது என்று கணக்கிடுபவர் யாரும் தனியனைச் சேர்த்து எண்ணுவதில்லை. ஓர் உரையோடு ஒட்டி நின்றும் அதன் உடம்பாகாத பகுதி என்னும் கருத்தை மூலமே வகுத்துத் தந்த நிலை இது. நோஇன்க்ளூட் குறி செய்வதும் ஏறக்குறைய இதுவே.

புறத்திரட்டு இதற்கு மறுதலையான நிலையைக் காட்டுகிறது. பல நூல்களிலிருந்து செய்யுள்களைப் பொருள்வாரியாகத் தேர்ந்து அடுக்கிய அத்தொகைநூலைச் செய்தவர், தமக்கு வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டார். விட்டவை மூல ஏடுகளில் என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்கலாம். காலம் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. முத்தொள்ளாயிரம் என்னும் நூல், பெயரைக் கொண்டு பார்த்தால் 900 அல்லது 2,700 வெண்பாக்களை உடையதாக இருந்திருக்க வேண்டும். இன்று கிடைப்பவை நூற்றுக்குச் சற்று மேற்பட்டவை மட்டுமே, அவற்றிலும் பெரும்பாலானவை புறத்திரட்டில் இடம்பெற்றதால் பிழைத்தவை. குண்டலகேசி, வளையாபதி ஆகியவற்றின் எஞ்சிய பாடல்களிலும் பல அத்தொகைக்கே கடன்பட்டவை. தொகுத்தவர் எடுத்தது நமக்கு நூலாக எஞ்சியது, அவர் விட்டது இல்லாமலே போயிற்று. படியெடுத்தலின் உச்சமான ஆபத்தும் உச்சமான பயனும் இந்த ஒரே நிகழ்வில் அடங்கியுள்ளன. மூலம் அழியாத வரையில்தான் உட்சேர்ப்பு படியெடுத்தலினும் மேலானது என்பதையும் இது உணர்த்துகிறது, ஏனெனில் மூலப் பக்கம் நீக்கப்பட்டால் உட்சேர்த்த பக்கங்களில் வெறும் சிவப்பு இணைப்பே எஞ்சும்.

பகுதி விட்டு எடுக்கும் முறை தமிழில் மிக விரிவாகப் பயன்படும் இடம் விக்கிமூலம் ஆகும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் 2,000-க்கும் மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்போடு விக்கிமீடியா பொதுவகத்தில் படிமங்களாக ஏற்றப்பட்டு, பின்னர் விக்கிமூலத்தில் பக்கம் பக்கமாக எழுத்தாக்கப்பட்டு வருகின்றன. அச்சுப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விக்கிப் பக்கம். அதன் இடப்புறம் மெய்ப்புப் பார்க்கும் எழுத்து, வலப்புறம் நூலின் படிமம். அச்சுப் பக்கத்தின் தலையில் ஒரு புறம் நூற்பெயரும் மறுபுறம் பக்க எண்ணும் நின்றிருக்கும். அச்சகத்தார் தாள் மடிப்பை அறிய இட்ட சிறு எண் சில பக்கங்களின் அடியிலும் காணப்படும். மெய்ப்புப் பார்ப்பவர் படிமத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதால் இவை அனைத்தும் எழுத்தாக்கப்பட வேண்டும். ஆனால் இருபது பக்கங்களைக் கோத்து ஓர் அத்தியாயமாகப் படிப்பவருக்குப் பக்கந்தோறும் நூற்பெயர் குறுக்கிடுவது தொல்லையாகும். எனவே தொகுப்புப் பெட்டி மேலடி, உடல், கீழடி என மூன்றாகப் பிரிக்கப்பட்டு, மேலடியிலும் கீழடியிலும் எழுதப்படுபவை தாமாகவே நோஇன்க்ளூட்டுக்குள் சென்றுவிடுகின்றன. மெய்ப்பருக்கு முழுப் பக்கமும், படிப்பவருக்கு உடல் மட்டும் என்னும் இப்பிரிவினை, இவ்வுரை கண்டவற்றுள் மிகத் தெளிவான நல்ல விடுதல் என்று கூறலாம். ஏனெனில் விடப்பட்டது எதுவும் நூலாசிரியர் எழுதியதன்று.

உடலின் விளிம்பில்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. பழைய அச்சில் வரி முடிவில் சொல்லை முறிக்கும்போது இணைகோடு இடாத வழக்கமும் இருந்தது. ஒரு பக்கம் தொழிற் என்று முடிந்து அடுத்த பக்கம் சாலைகளில் என்று தொடங்குமானால், இரு பக்கங்களையும் கோக்கும் மென்பொருள் இடையில் ஓர் இடைவெளியை இட்டு, ஒரு சொல்லை இரண்டாக்கிவிடும். இதைத் தவிர்க்க, முதற்பக்கத்தின் முடிவில் உட்சேர்க்கும்போது மட்டும் முழுச்சொல்லும் தோன்றுமாறும், அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில் உட்சேர்க்கும்போது அத்துண்டு மறையுமாறும் வார்ப்புருக்கள் இடப்படுகின்றன. மூலப் பக்கங்களைத் தனித்தனியே பார்ப்பவருக்கோ அச்சில் உள்ளபடியே இரு துண்டுகளும் தெரியும். ஒரு சொல்லின் இரு பாதிகளுக்கு இவ்வளவு ஏற்பாடா என்று வியப்பவர், தேடுபொறியில் தொழிற்சாலைகளில் என்று தட்டும் ஆய்வாளருக்கு அந்த இடம் அகப்படுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நல்ல விடுதலுக்கு எதிரானது, உண்மையைத் திரிக்கும் விடுதல். 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,98,252. இந்த எண் சரியானது. ஆனால் 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஒரகடத்துக்குக் கிழக்கே, சிங்கப்பெருமாள்கோவிலும் வண்டலூரும் மறைமலைநகரும் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. திருப்பெரும்புதூரும் வாலாஜாபாத்தும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நிற்கின்றன. ஆகவே மாவட்டப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு அடுத்த வரியில், இது பிரிவுக்கு முந்திய எல்லைக்கு உரியது என்ற குறிப்பு இருக்கும். எண்ணை மட்டும் ஒன்லிஇன்க்ளூட்டுக்குள் வைத்து, குறிப்பு வரியை வெளியே நிறுத்திவிட்டால், எண்ணைப் பெற்ற பக்கங்கள் அனைத்தும் இன்றைய சிறிய மாவட்டத்துக்கு நேற்றைய பெரிய மாவட்டத்தின் மக்களைக் குடியேற்றிவிடும். எழுதிய எழுத்தில் ஒரு பிழையும் இல்லாமல், விட்ட எழுத்தால் பிழை நேரும் வகை இது. ஒரு கூற்றின் காலம், எல்லை, சான்று ஆகியவை அக்கூற்றோடு ஒரே குறிக்குள் இருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் விதி. சான்றுக் குறிப்பு மூலப் பக்கத்தின் வேறிடத்தில் வரையறுக்கப்பட்டுப் பெயரால் மட்டும் சுட்டப்பட்டிருந்தால், உட்சேர்த்த பக்கத்தில் அச்சுட்டு அறுந்து சிவப்பெழுத்தில் பிழைச்செய்தி தோன்றும். அந்தப் பிழைச்செய்தி ஒரு வகையில் நன்மை, குறிப்பு விடுபட்டதை அதுவாவது காட்டிக்கொடுக்கிறது.

உரிமக் குறிப்பும் விடக்கூடாததே. விக்கிப்பீடியாவின் எழுத்துகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 4.0 பதிப்பில், ஆக்கியோரைக் குறிப்பிடவும் அதே உரிமத்தில் பகிரவும் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வழங்கப்படுகின்றன. மாற்றம் செய்திருந்தால் அதைச் சொல்லவும் வேண்டும், பகுதியை நீக்குவதும் மாற்றமே. விக்கிக்குள் உட்சேர்க்கும்போது வரலாற்றுப் பதிவு மூலத்திலேயே இருப்பதால் இக்கடமை தானே நிறைவேறுகிறது. வெட்டி ஒட்டும்போதோ, விக்கிக்கு வெளியே ஒரு கையேட்டில் அச்சிடும்போதோ, அது செய்பவர் தலையில் விழுகிறது.

எண்ணும் உரிமமும் போகட்டும். எதை விடுவது என்பது மதிப்பீட்டைப் பொறுத்ததாகும் இடமும் உண்டு. இவ்வட்டாரத்தின் தொழிற்பகுதியைப் பெரும்பாலும் தொடக்க ஆண்டுகளின் வரிசையாகவே எழுதுகிறார்கள்: இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி, 2012-இல் ஒரகடத்தில் டெய்ம்லர் லாரி ஆலை, 2013-இல் அங்கேயே ராயல் என்ஃபீல்டு, 2017-இல் வல்லம் வடகாலில் அதன் அடுத்த ஆலை என்று அது நீளும். அதே பகுதியில் நோக்கியா ஆலை மூடியதும், 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாட்கள் நீடித்த சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தமும் தனித்தனிப் பத்திகளாக இருக்குமானால், முதலீட்டாளருக்கான பக்கம் ஒன்று எல்எஸ்டிஎக்ஸ் கட்டளையால் அவ்விரு பத்திகளையும் ஒரே வரியில் நீக்கிவிட்டு, எஞ்சியதை விக்கியின் நடுநிலையான உரை என்றே காட்டிக்கொள்ள முடியும். வேலைநிறுத்தப் பத்தியை மட்டும் எடுத்து ஆலைகளின் பட்டியலை விடும் எதிர்ப்பக்கமும் அவ்வாறே எளிது. குறியீட்டுக்கு இவ்விரண்டும் ஒன்றே. மூலத்தை எழுதுபவர் இயன்றவரை தொடக்கத்தையும் முடிவையும் ஒரே பத்தியில், ஒரே வாக்கியத்தில்கூட, பிணைத்து எழுதினால் இப்பிரிப்பு கடினமாகும். 2006-இல் தொடங்கி 2014-இல் மூடிய ஆலை என்று எழுதிய வாக்கியத்தை வெட்ட எந்தக் கட்டளையாலும் இயலாது. எழுத்து நடையே இங்கே காப்பாக நிற்கிறது.

கலைக்களஞ்சியத்தை விட்டு ஆலைக்குள் பார்த்தாலும் இதே முறையின் தேவை தெரிகிறது. பிரஸ் ஷாப்பில், தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரிய இயந்திரத்தின் டை, அதாவது அச்சுப்பாளத்தை, மாற்றும் வேலைக்கு ஒரு செயல்முறைப் பக்கம் இருப்பதாகக் கொள்ளலாம். அதைப் படிப்பவர் மூவர்: இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர், பழுது பார்க்கும் மெயின்டனன்ஸ் ஆள், புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, பூட்டியவரின் பெயர்ச்சீட்டைத் தொங்கவிடும் படி மூவருக்கும் வேண்டும். ஹைட்ராலிக் அழுத்த அளவுகளும் போல்ட்டை முறுக்கும் டார்க் அளவுகளும் மெயின்டனன்ஸ் ஆளுக்கு விரிவாகவும், ஆபரேட்டருக்குச் சுருக்கமாகவும் வேண்டும். பாகங்களின் பெயர்களை விளக்கும் படம் பயிற்சியாளருக்கு மட்டுமே வேண்டும். மூன்று தனித்தாள்கள் எழுதினால், டார்க் அளவு மாறும் நாளில் ஒரு தாளாவது பழைய எண்ணோடு இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரே மூலப் பக்கம், பெயரிட்ட பகுதிகள், மூன்று உட்சேர்க்கும் பக்கங்கள் என்னும் அமைப்பு இதைத் தவிர்க்கிறது. ஆனால் பூட்டும் படி எந்தப் பெயரிட்ட பகுதிக்குள்ளும் வரலாகாது, ஏனெனில் பெயர் இருந்தால் அதைப் பெயர் சொல்லி விட முடியும். அது பெயரற்ற உடலாக, எல்எஸ்டிஎக்ஸ் தொட இயலாத இடத்தில் நிற்க வேண்டும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தமிழ்த் தொழிலாளர்களோடு ஒரே லைனில் நிற்கும் இவ்வட்டாரத்தில், அப்பக்கத்தை ஒடியாவிலும் இந்தியிலும் பெயர்க்கும் வேலையும் உடன் வருகிறது. மொழிபெயர்ப்பு உட்சேர்ப்பு ஆகாது. மூலம் மாறும்போது பெயர்ப்பு தானே மாறாது. இந்த இடத்தில் எல்எஸ்டிஎக்ஸ் கட்டளையின் மாற்றுரை வசதி தன் முழுப் பயனையும் தருகிறது: இன்னும் பெயர்க்கப்படாத பகுதியைச் சத்தமின்றி விட்டுச் செல்வதற்குப் பதிலாக, அவ்விடத்திலேயே, இங்கு ஒரு படி விடப்பட்டுள்ளது, வேலையைத் தொடங்குமுன் ஷிப்டு மேற்பார்வையாளரைக் கேட்கவும் என்று தொழிலாளியின் மொழியில் ஒரு வரியை அது காட்டும்.